படி இறங்க முடியாதவர்

நாய்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, ஐயா. என் சலூன் இருந்த இடத்தில் இப்போது நாய்க்கு முடி வெட்டும் கடை வந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடம் நான் வியர்க்க வியர்க்க மனிதர்களுக்கு வெட்டிய இடத்தில், ஏசி போட்டு நாய்களுக்கு வெட்டுகிறார்கள். அதுகள் கொடுத்து வைத்தவை என்று நானும் சிரித்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே தெரு மாறத் தொடங்கியிருந்தது. காபிக் கடை வந்தது, பூச்செடிக் கடை வந்தது, கூடவே வாடகை ஏறியது. எங்கள் கட்டடத்தை வாங்கிய புது முதலாளி மூன்று மாடியையும் விடுதியாக்கப் போவதாகச் சொன்னார். ஒவ்வொரு குடும்பமாகக் காலி செய்தது. கீழே செருப்புத் தைத்தவர் நகரத்தின் கடைக்கோடிக்குப் போனார். ஒருநாள் திரும்பி வந்து தன் பழைய வாசலில் சும்மா நின்றார். "யாரைப் பாக்கணும்? இங்கல்லாம் நிக்கக் கூடாது" என்றான் காவலாளி. அவர் அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அண்ணனும் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணன் விழுந்தார். அவர் பெயிண்டர். எதிர்க் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கும்போது சாரம் சரிந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவர் படி இறங்கும் நிலைக்கு வரும்வரை எங்களை மூன்றாம் மாடியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போவார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலிருந்தது எனக்கு.

ஆறு வாரத்தில் மெல்ல நடக்கப் பழக்குங்கள் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் பள்ளிக்கு அனுப்புவதற்காகப் பத்து வயதிலேயே பிரஷ்ஷைக் கையில் எடுத்தவர் அவர்.

"ஒரு வருஷம் அசையவே கூடாதாம்ணே" என்றேன்.

"டாக்டர் சொன்னா சரிதான்டா" என்றார்.

அவரை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். யாரும் வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது. தினமும் காலையில் முகச்சவரம் செய்து, வெந்நீரில் உடம்பு துடைத்துவிட்டுத்தான் வீடு வீடாக முடிவெட்டக் கிளம்புவேன். கால்கள் குச்சியாகிவிட்டன. முதுகில் புண் வந்தது. மருந்து போடும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் மூஞ்சி ஏன்டா வாடிக் கெடக்கு? வேளைக்குச் சாப்பிடுறியா இல்லையா?" என்று என்னைக் கேட்பார்.

எட்டாம் மாதம் ஒரு மதியம் சீக்கிரமே வீடு திரும்பினேன். கதவு இடுக்கில் பார்த்தால், அண்ணன் மரநாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளியபடி கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு நடந்துகொண்டிருந்தார். பதினோரு அடி. உடம்பெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. நான் சத்தமில்லாமல் படியிறங்கி, அரை மணி நேரம் கழித்து வந்தேன். அவர் ஒன்றும் தெரியாதவர் போலப் படுத்திருந்தார்.

"என்னாலதானே நீ இந்த வீட்டுல கட்டுண்டு கெடக்குற. கால் சரியாகட்டும், எங்கயாவது போய்ப் பொழைச்சுக்கலாம்டா. எனக்கு இந்த வீடெல்லாம் பெருசில்ல" என்றார் அன்று மாலை.

"பாக்கலாம்ணே" என்றேன்.

வியாழக்கிழமை அதிகாரி வரவேண்டிய நாள். புதன்கிழமை காலை அண்ணன் கண்ணயர்ந்திருந்தபோது அந்த நாற்காலியின் பின்கால் திருகாணிகளைத் தளர்த்தினேன். அந்த நாற்காலியைத்தான் நீங்கள் இப்போது ஸ்டேஷன் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். ஆமாம், தளர்த்தியது நான்தான். கழற்றவில்லை. கழற்றியிருந்தால் தொட்டதுமே தெரிந்திருக்கும். விழுவார், மறுபடி படுப்பார், இன்னும் ஒரு வருடம் அந்த வீட்டில் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது ஜன்னலடியில் கிடந்தார். விளிம்பில் தலை மோதியிருந்தது. உயிர் இருந்தது. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். என் கையைத் தேடிப் பிடித்தார்.

"அசையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நான்தான் கேக்கல. கோவிச்சுக்காதடா" என்றார்.

கோபமே இல்லைண்ணே என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் கண்ணை மூடினார். நான் வாய்வார்த்தைக்காகச் சொல்லவில்லை, ஐயா. அண்ணனை அப்போதே மனதார மன்னித்துவிட்டேன்.