நாலாம் அறைத் திரை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று என் மனைவி சொல்வாள். விசைப்பலகை கொடுத்திருந்தால் இந்த வாக்குமூலத்தைப் பிழையில்லாமல் அடித்துத் தந்திருப்பேன், ஐயா. கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதில் தப்பில்லை. பின்னால் நின்று எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும். யாராவது பார்த்தால் எனக்குக் கை ஓடாது.

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். அடுத்த மேசையில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினால் என்னைப் பற்றித்தான் என்று காதைத் தீட்டிக்கொள்வேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்தது எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

எங்களுடையது பழக்கிடங்கு. ஆறு குளிர் அறைகள். பழத்தை அடுக்கியதும் அறையை இறுக மூடி, உள்ளே இருக்கிற காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜன் நிரப்புவோம். பழம் பழுக்காமல் மாதக்கணக்கில் தூங்கும். ஆள் உள்ளே இருந்தால் அவரும் தூங்கிவிடுவார், எழுந்திருக்க மாட்டார். அதனால் முன்பெல்லாம் மூடுவதற்கு முன் ஒருவர் உள்ளே போய், "யாராவது இருக்கீங்களா" என்று கத்திவிட்டு வருவார். அந்தக் கத்தலை நிறுத்தியவன் நான்.

கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஒரு கணினி. ஒவ்வொரு குளிர் அறையின் கோடியிலும் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு திரை, ஒரு விசைப்பலகை. எல்லாம் அந்த ஒரே கணினியோடு கம்பியில் சேர்ந்தவை. உள்ளே போகிறவர் அங்கே பெயரும் கடவுச்சொல்லும் அடித்து நுழைய வேண்டும். கிளம்பும்போது அதிலேயே வெளியேறுவதாகப் பதிய வேண்டும். யார் எந்த அறையில் என்ற பட்டியல், கட்டுப்பாட்டு அறையில் என்னோடு உட்காருகிற கதவு அண்ணன் முன்னால் இருக்கும். மூடும் பொத்தான்கள் அவர் பொறுப்பு. அதனால் அந்தப் பெயர். பட்டியலில் அறை காலி என்றால் மூடுவார். இந்த ஏற்பாடு வந்த பிறகு நாலாம் அறையின் உள்பக்கக் கைப்பிடி உடைந்தது. பட்டியல்தான் இருக்கிறதே என்று யாரும் அதைச் சரிசெய்யவில்லை.

என் வேலை அந்தத் திரைகளை அமைப்பது. ஒரு கோப்பில் ஒவ்வொரு திரைக்கும் ஒரு வரி. வரியின் கடைசியில் 'ஆன்' என்றிருந்தால் அந்தத் திரையில் பெயர் கேட்கும். 'ஆஃப்' என்றிருந்தால் திரை செத்துக் கிடக்கும், அதில் இருந்தவர் பட்டியலிலிருந்தும் போய்விடுவார். ஆனால் வார்த்தையை மாற்றினால் மட்டும் ஒன்றும் ஆகாது. கோப்பை மறுபடி படி என்று கணினிக்குத் தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்திருந்தேன். கம்பிகள் வந்து சேரும் பெட்டியிலேயே, எந்த விசைப்பலகையில் எந்த எழுத்தைத் தட்டினாலும் என் திரைக்கு வருகிற மாதிரி வைத்திருந்தேன். யாரையும் கெடுக்க அல்ல. என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்றுதான். மூன்று வருடத்தில் என்னைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

சரக்கு அக்காவிடம் மாட்டிக்கொண்டது என் நல்ல மனதால். பெட்டிகளை எண்ணிப் பதிவது அவர் வேலை. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அன்று காலை தேநீர் குடிக்கும்போது முகம் வாடியிருந்தது. வாய் தவறி, "பாப்பாவுக்கு ஜுரம் விட்டுச்சாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா குவளையைக் கீழே வைத்தார்.

"அதை நான் யாருக்கும் சொல்லலையே தம்பி. உள்ள இருக்கற திரையில என் தங்கச்சிக்கு அடிச்சேன். அப்புறம் அவ பயந்துக்குவாளேன்னு அனுப்பாம அழிச்சிட்டேன்."

நான் தேநீரை ஊதிக் குடித்தேன். அக்கா என்னை வெகுநேரம் பார்த்தார்.

"நாங்க அடிக்கிறதையெல்லாம் படிக்கிறியா?"

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. "சாயங்காலம் மேனேஜர் வர்றாரு. நீயே போய்ச் சொல்லிடு, நானும் கூட வரேன். நீ சொல்லலைன்னா நான் சொல்லித்தான் ஆகணும்," என்றார்.

திரும்பி வந்து, அன்று அக்கா எண்ண வேண்டிய நாலாம் அறையின் வரியில் 'ஆன்' என்பதை 'ஆஃப்' என்று மாற்றினேன். அந்தத் திரையிலிருந்து அவர் ஆதாரம் எதையும் எடுத்துவிடக் கூடாது என்ற எண்ணம்தான். கட்டளை கொடுக்கவில்லை. மதியம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் இரண்டரைக்கு நாலாம் அறையில் அக்கா பெயர் வந்தது. மூன்று மணிக்கு அந்த அறையை மூட வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. இரண்டு ஐம்பத்தைந்துக்குக் கட்டளை கொடுத்தேன். பெயர் போய்விட்டது.

கதவு அண்ணன் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சரக்கு அக்கா இப்பத்தானே உள்ள போன மாதிரி இருந்துச்சு. வந்துட்டாங்களா தம்பி?"

"பட்டியல்ல இருக்காண்ணே?"

"இல்லை."

"அப்ப வந்திருப்பாங்க."

அவர் பொத்தானை அழுத்தினார். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 'வந்திருப்பாங்க' என்றுதான் சொன்னேன்.

திரை செத்தாலும் விசைப்பலகை சாகாது. அதில் தட்டுவது பெட்டி வரை வரும். அக்காவுக்கு அது தெரிந்திருக்காது. எதற்கும் இருக்கட்டும் என்று தட்டியிருப்பார். சுவரெல்லாம் தகரம், செல்போன் எடுக்காது. விசிறிகளின் இரைச்சலில் கதவைத் தட்டினாலும் கேட்காது. அவருக்கு இருந்த ஒரே வழி நான்தான்.

என் திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

தம்பி திரை அணைஞ்சிடுச்சு

கதவு மூடியிருக்கு

நீ படிப்பேன்னு தெரியும் தம்பி, அண்ணன்கிட்ட சொல்லு

பிறகு மறுபடி வந்தது.

நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பாப்பா மேல சத்தியம்

அதற்குப் பிறகு வந்தவை வார்த்தைகள் இல்லை. ஒரே எழுத்து வரிவரியாக வந்துகொண்டே இருந்தது. கை விசையின் மேல் விழுந்து கிடந்திருக்க வேண்டும். அதையும் நான் அழிக்கவில்லை. எதையும் அழிப்பது எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் உங்களுக்கு அது கிடைத்தது.

சத்தியம் செய்த பிறகுமா என்று நேற்று கேட்டீர்கள். கதவு அண்ணன் எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், திறந்திருப்பார். சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் அவர் முதலில் என்ன கேட்பார்? உள்ளே ஆள் இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவை நான்தான் கொன்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அரைமணி நேரம் உள்ளே அவர் எவ்வளவு பயந்தாரோ, வெளியே நானும் அவ்வளவு பயந்தேன். அதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.