மாப்பிள்ளை மாட்டிய பலகை

கடைக்காரர்: ...அப்ப இந்த ட்ரில் மெஷினை எடுத்துக்குங்க சார். செங்கல் சுவரு, காங்கிரீட்டு, எதுலயும் இறங்கும். பிடிச்சுப் பாருங்க.

மாப்பிள்ளை: அத்தைகிட்ட குடுங்க.

கடைக்காரர்: அம்மாகிட்டயா? கனமா இருக்குமே...

அத்தை: குடுங்க பார்ப்போம். ம்... கனம்தான். சும்மா பிடிச்சுப் பார்க்கிறேன், அவ்வளவுதான். வேலை செய்யப்போறது மாப்பிள்ளைதானே.

மாப்பிள்ளை: ஆமா, நான்தான்.

கடைக்காரர்: வீட்டுல என்ன வேலைக்கு சார்?

மாப்பிள்ளை: எல்லாத்துக்கும்தான். சமையலறையில பலகை மாட்டினேன். துணி காயப்போடக் கம்பி. அப்புறம் செருப்பு அலமாரி, புத்தக அலமாரி...

அத்தை: மாப்பிள்ளை கை வச்சது எதுவும் இதுவரைக்கும் விழுந்ததில்ல.

கடைக்காரர்: அதெல்லாம் எந்த மெஷின்ல பண்ணீங்க?

மாப்பிள்ளை: மெஷின் ஏது? சுத்தியலும் ஆணியும்தான்.

கடைக்காரர்: வெறும் ஆணியிலயா பலகை நிக்குது?

அத்தை: நிக்குது, நிக்குது... ஏங்க, பேட்டரியில ஓடறது இருக்கா? ஒயரை இழுத்துக்கிட்டு ஏணியில ஏற முடியாது.

மாப்பிள்ளை: ஏணியில யாரு ஏறப்போறா?

அத்தை: நீங்கதான். உங்களுக்காகத்தான் கேக்கறேன்.

கடைக்காரர்: இருக்கும்மா. உள்ள இருந்து எடுத்துட்டு வரேன்.

மாப்பிள்ளை: கூடையில என்னெல்லாம் எடுத்துப் போட்டிருக்கீங்க அத்தை? ரம்பம், உப்புத்தாள், ரசமட்டம்... கோணல் பார்க்க ரசமட்டம் எதுக்கு? எனக்குக் கண்ணே போதும்.

அத்தை: உங்க கண்ணு... சரி, அது இருக்கட்டும். மாப்பிள்ளை, அவர் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். கோவிச்சுக்கக் கூடாது.

மாப்பிள்ளை: சொல்லுங்க.

அத்தை: அந்தச் சமையலறைப் பலகை... நீங்க மாட்டினது இல்ல.

மாப்பிள்ளை: நான்தானே மாட்டினேன்?

அத்தை: நீங்க மாட்டினீங்க. நீங்களும் என் பொண்ணும் வேலைக்குப் போனதும் நான் கழட்டி மாட்டினேன்.

மாப்பிள்ளை: ஏன்?

அத்தை: ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்தது. பருப்பு டப்பா தானா நகர்ந்துபோய் விளிம்புல நின்னுக்கிட்டு இருந்தது. குதிக்கவா வேண்டாமான்னு கேக்கற மாதிரி.

மாப்பிள்ளை: அதை நீங்களா கழட்டினீங்க?

அத்தை: அப்ப நான் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். உங்க மாமா போனதும் உங்க வீட்டுக்கு வந்தவ, அந்தப் பின்னறையில சுவரைப் பார்த்துப் படுத்தேன். குளின்னா குளிச்சேன், சாப்பிடுன்னா சாப்பிட்டேன். எழுந்து நடமாடி என்ன ஆகப்போகுதுன்னு இருந்தது. அன்னைக்குத் தண்ணி குடிக்க வந்தப்ப அதைப் பார்த்தேன். திரும்பப் போய்ப் படுத்தேன். கண்ணை மூடினா பலகைதான் வருது. மாமாவை நினைச்சு அழலாம்னு பார்த்தா, அதுக்கும் நடுவுல பலகை. பொறுக்க முடியல, எழுந்து வந்துட்டேன்.

மாப்பிள்ளை: எழுந்து வந்து...?

அத்தை: பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன்கிட்ட போய் ட்ரில் கேட்டேன். எப்படிப் பிடிக்கணும்னு காட்டினார், பயத்தோடதான் குடுத்தார். முதல் ஓட்டை எலி வளை மாதிரி ஆயிடுச்சு. சிமெண்டைக் குழைச்சு அடைச்சேன். அடுத்தது சரியா விழுந்தது. அந்தச் சத்தம் கைவழியா ஏறித் தோள் வரைக்கும் வந்தது மாப்பிள்ளை... உங்க மாமா இருந்தவரைக்கும் என்னை ஒரு ஆணி தொட விட்டதில்ல. கையில அடி பட்டுக்குவேன்னு பயம் அவருக்கு. அன்னைக்குத்தான் எனக்கே பசின்னு ஒண்ணு எடுத்தது.

மாப்பிள்ளை: அப்ப துணிக் கம்பி?

அத்தை: அதுவும்தான்.

மாப்பிள்ளை: செருப்பு அலமாரி?

அத்தை: கதவு மட்டும்... இல்ல, பொய் எதுக்கு? முழுசும்.

மாப்பிள்ளை: புத்தக அலமாரி...

அத்தை: அதை மட்டும் கேக்காதீங்க. பிரிச்சு, இழைச்சு, திரும்பக் கோர்க்கறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போச்சு.

மாப்பிள்ளை: வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் காட்டினேனே அத்தை...

அத்தை: அதனாலதான் வாயைத் திறக்கல. ஆசையாக் காட்டறீங்க. எந்த வாயால சொல்றது? உங்க மனசு நோகக்கூடாதுன்னு இருந்தேன். இப்ப அந்த எலக்ட்ரீஷியன் வீடு மாத்திட்டுப் போறார். மெஷினும் அவரோட போகுது. அதான் கடைக்குப் போகலாமான்னு உங்ககிட்ட கேட்டேன்.

கடைக்காரர்: இந்தாங்க, பேட்டரி மெஷின். கைக்கு அடக்கமா இருக்கும். பில்லு சார் பேர்லயா?

மாப்பிள்ளை: அத்தை பேர்ல போடுங்க. அவங்க சாமான்.

கடைக்காரர்: ஓ... அப்ப அம்மா, கண்ணுக்குப் போடற கண்ணாடியும் ஒண்ணு எடுத்துக்குங்க. தூசி படாது. முன்னாடி மாட்டி வச்சிருக்கேன், இருங்க.

அத்தை: மாப்பிள்ளை... இன்னொண்ணும் இருக்கு. எதிர்வீட்டு டீச்சர் ஒரு அலமாரி பண்ணித் தர முடியுமான்னு கேட்டாங்க. சரின்னு சொல்லிட்டேன். கார் ஷெட்டுல ஓரமா ஒரு மேஜை போட்டுக்கட்டுமா? நான் பாட்டுக்கு மத்தியானத்துல தட்டிக்கிட்டு இருப்பேன்.

மாப்பிள்ளை: காரை வெளிய நிறுத்திக்கறேன். முழு ஷெட்டும் உங்களுக்குத்தான்.

அத்தை: முகம் வாடிப்போச்சே. கோவமா?

மாப்பிள்ளை: கோவம் இல்ல அத்தை. நானும் ஒண்ணு சொல்லணும். அந்த முதல் பலகை நிஜமாவே கோணிப்போச்சு. எனக்கு வந்தது அவ்வளவுதான். சாயங்காலம் வந்து பார்த்தா அது நேரா இருக்கு. நீங்க தலை வாரி, தட்டு வச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க.

அத்தை: கவனிச்சீங்களா? ஒரு வார்த்தை கேக்கலையே.

மாப்பிள்ளை: கேட்டா நிறுத்திடுவீங்களோன்னு பயம். அதுக்கப்புறம் நான் மாட்டினதெல்லாம்... வேணும்னே கோணலா மாட்டினது.

அத்தை: வேணும்னேவா?

மாப்பிள்ளை: ஆமா அத்தை.

அத்தை: இருங்க... இருங்க. புத்தக அலமாரியுமா?

மாப்பிள்ளை: அதுக்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன்.

அத்தை: அடப்பாவி மனுஷா... இது அவளுக்குத் தெரியுமா?

மாப்பிள்ளை: தெரியுமாவா? ரொம்பக் கோணினா அம்மாவுக்குச் சந்தேகம் வந்துடும், கொஞ்சமாக் கோணினா அம்மா எழுந்து வரமாட்டாங்கன்னு சொல்லி, ஒவ்வொரு தடவையும் சுவத்துல பென்சிலால கோடு போட்டுக் குடுத்ததே உங்க பொண்ணுதான்.