ஆணியில தொங்குற ஹெல்மெட்

இல்ல சார், அது குடுக்கறதுக்கு இல்ல. ஆணியில தொங்குறத விடுங்க, இப்படி வாங்க. உங்க கூட்டாளிங்க எல்லாருக்கும் மாட்டியாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. ஆறு பேருன்னு சொல்லிட்டு ஏழு பேரா வந்து நின்னா நான் எங்க போவேன் சொல்லுங்க. வண்டி இருக்கு, ஹெல்மெட்தான் ஒண்ணு இடிக்குது. ஒண்ணுக்கு வார் அறுந்து போச்சு, புதுசுக்குச் சொல்லியிருக்கு, இன்னும் வந்து சேரல.

உக்காருங்க. இவங்க போயிட்டு வந்ததும் அடுத்த சுத்துல மொத ஆளா உங்களத்தான் ஏத்துவேன். கூட்டாளிங்களோட போகத்தானே வந்தீங்க, தெரியுது. மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க, எனக்கே பாவமா இருக்கு.

ஹெல்மெட் இல்லாம சும்மாவே ஓட்டிடறீங்களா? மெதுவா போற வண்டிதான், ஆமா, யாரு இல்லன்னா. சைக்கிள்காரன் தாண்டிப் போயிடுவான். அத பாத்துத்தான் எல்லாரும் ஏமாந்துடறாங்க. இதுக்கு பிரேக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது சார். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கற பலகையில நின்னுக்கிட்டு முன்னால சாஞ்சா ஓடும், பின்னால சாஞ்சா நிக்கும். கண்ணு போற பக்கம் உடம்பு சாயும், உடம்பு சாயற பக்கம் வண்டி போகும். சொன்ன பேச்சு கேக்கற புள்ளதான். நாம சொல்லாததையும் கேட்டுக்கும், அங்கதான் வம்பு.

அங்க பாருங்க, உங்க கூட்டாளி சுண்ணாம்புக் கோட்டுமேல பழகறாரு. சார், சார், காலப் பாக்காதீங்க. கால் எங்கயும் ஓடிப் போயிடாது. எதிர்ல அந்த நீலக் கதவப் பாருங்க. ஹாங், அப்படித்தான். முழங்கால் இளகட்டும், கல்யாண போட்டோவுக்கு நிக்கற மாதிரி விறைக்காதீங்க.

சிரிச்சுட்டாரு பாத்தீங்களா, இனிமே விழ மாட்டாரு. சிரிச்சா உடம்பு தானா தளந்துடும். ஆள சிரிக்க வச்சுட்டுத்தான் வண்டியில ஏத்தணும்னு என் வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தது. அவருதான் இங்க வழிகாட்டி, எல்லாரையும் ஏரிக்கரை வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் கொண்டாந்து விடுவாரு. இப்ப அவரு தம்பி போறான். அதோ, மஞ்சள் சட்ட. எனக்குக் கொழுந்தன். ஆமாமா, குடும்பமே ரெண்டு சக்கரத்துலதான் ஓடுது.

எனக்கா, ஒரே பொண்ணு சார். இப்பத்தான் சுவத்தப் புடிச்சு நடக்கறா. வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் ஒரு பக்கச் சுவர் பூரா அழுக்குக் கைத்தடம். கீழ ஒரு வரிச, மேல ஒரு வரிச. கீழ இருக்கறது அவளோடது. மேல இருக்கறது அவ அப்பாவோடது.

வயசெல்லாம் ஆகல, என்னவிட நாலு வயசு மூப்பு, அவ்வளவுதான். விழுந்துட்டாரு. இந்த வண்டியில இருந்துதான்.

வேகமெல்லாம் இல்ல சார். வழிகாட்டிக்கு ஒரு தொல்ல இருக்கு. ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் நேரா பாரு, நேரா பாருன்னு சொல்லிட்டு அவன் மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போகணும். வாத்து மேய்க்கற மாதிரிதான். யாரு விழுந்தாங்க, யாரு போட்டோ எடுக்க நின்னாங்கன்னு கவனிக்கணும்ல. ஏரிக்கரை வளைவுல யாரோ பின்தங்கிட்டாங்கன்னு திரும்பியிருக்காரு. ஒரு சக்கரம் நடைபாதை விளிம்புல ஏறிடுச்சு. வண்டி குலுங்கிட்டு நிமிந்து நின்னுடுச்சாம். அதுக்கென்ன, அது நிக்கறதுக்குன்னே செஞ்சது. இவருக்குத்தான் பின்மண்ட கல்லுல பட்டுடுச்சு.

இப்பப் பேச்சு நல்லா வருது. சாப்பிடறாரு, என்னையே கிண்டல் பண்றாரு. நிமிந்து நின்னா மட்டும் தரை சாயுதுன்னு சொல்றாரு. எத்தன பேருக்கு நிக்கக் கத்துக் குடுத்த மனுஷன்.

நேத்து பாப்பா சுவத்த விட்டுட்டா சார். தத்தக்கா பித்தக்கான்னு நாலு அடி, நேரா எங்கிட்ட வந்து விழுந்தா. நான் கை தட்டினேன். அவரும் தட்டலாம்னு ரெண்டு கையையும் எடுத்தாரு. எடுத்த வேகத்துல ஒரு கைய திரும்பச் சுவத்துக்கே கொண்டு போயிட்டாரு. அவ முழங்கால இளக்கி வச்சிருக்கா பாத்தியா, நம்ம புள்ளன்னாரு. நான் பால் பொங்குதுன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். அடுப்புல பாலே இல்ல.

இருங்க சார், ஒரு நிமிஷம்.

தம்பி, என்ன பண்ற? வார்ல இருந்து கைய எடு. எடுன்னு சொல்றேன்ல. சாருக்குக் குடுத்துட்டு நீ வெறும் தலையோட போவியா? நீ ஒண்ணும் அண்ணன் மாதிரியே இருக்க வேண்டாம். மாட்டு. நல்லா இழுத்து மாட்டு.

அவன நம்ப முடியாது சார், நான் அந்தப் பக்கம் திரும்பினா கழட்டித்தான் தருவான். அந்த ஸ்டூல இப்படித் தள்ளுங்க. இல்ல, ஆணியில இருக்கறத நானே எடுக்கறேன். வேற யாரும் அத எடுக்கற மாதிரி நான் வச்சுக்கல.

குனிங்க. வாருக்கும் தாடைக்கும் நடுவுல விரல் நுழையணும், அவ்வளவுதான். வாயத் திறந்து மூடுங்க. வலிக்குதா? சரி, அளவெடுத்த மாதிரி இருக்கு. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க சார். அவன் பின்னாலயே போங்க, போட்டோவுக்குன்னு எங்கயும் நிக்காதீங்க. அவன் உங்களுக்காகத் திரும்பிப் பாக்கற மாதிரி வச்சுக்காதீங்க.

புதுசெல்லாம் இல்ல. என் வீட்டுக்காரரோடதுதான். ஆமா, ஒரு கீறல் கூட இருக்காது. அன்னைக்கும் உங்கள மாதிரியே ஒருத்தர் கூடுதலா வந்துட்டாரு. நல்ல மனுஷன் சார், ஆஸ்பத்திரிக்கே தேடி வந்து, இதத் தொடச்சுத் திருப்பிக் குடுத்துட்டுப் போனாரு.