தாயத்துக்குள் வடக்கு

முகுந்தன்: தைப்பூசத்துல நீங்க சட்ட இல்லாம காவடியோட நின்னப்பவே பார்த்துட்டேண்ணே. உங்க கழுத்துல தொங்குறது தாயத்து இல்ல. பட்டாளத்துக்காரன் சட்டைப் பொத்தான்.

காளிதாசன்: பொத்தானா... லைசன்ஸ் எடுத்த நாள்லேருந்து இத போட்டுக்கிட்டுத்தான் லாரி ஓட்டுறேன். நீ என்னடான்னா பொத்தான்ங்குற.

சண்முகவள்ளி: இந்தக் கரங்கான் ஊர்ல இத்தன வீடு இருக்கு. பொத்தான் தேடி எங்க வீட்டுக்குத்தான் வரணுமா தம்பி?

முகுந்தன்: கோவிச்சுக்காதீங்கக்கா. இந்த டப்பாவ பாருங்க. எல்லாம் இதே மாதிரி பொத்தான், இங்கிலாந்துலேருந்து தபால்ல வாங்குனது.

சண்முகவள்ளி: குலிம் ஃபேக்டரியில சூப்பர்வைசரு... சம்பளத்த எல்லாம் பொத்தான்ல போட்டா பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலியா?

முகுந்தன்: சொல்றா லா. தெனம் சொல்றா.

காளிதாசன்: அப்படி என்னதான்பா இருக்கு இதுல?

முகுந்தன்: சண்ட நேரத்துல எதிரி எடத்துல மாட்டிக்கிட்டா, தப்பிச்சு ஓட தெச தெரியணும்ல? அதுக்குத்தான். பொத்தான திறந்தா உள்ள ஒரு குட்டி திசைகாட்டி. பிடிச்சவன் பாக்கெட்ட எல்லாம் தடவிப் பாப்பான். பொத்தான எவன் பாப்பான்?

காளிதாசன்: கெட்டிக்காரனுங்க.

முகுந்தன்: இன்னும் கேளுங்க. சாதாரண மரை இடப்பக்கம் திருப்புனா கழலும். இதுல சிலது வலப்பக்கம் திருப்புனாத்தான் கழலும். வெஷயம் தெரியாதவன் திருப்புனா இன்னும் இறுகிக்கும்.

காளிதாசன்: ம்... அப்படியா.

முகுந்தன்: உங்களுக்கு எப்படிண்ணே கெடச்சுது?

காளிதாசன்: அப்பாவோடது. ஜப்பான்காரன் காலத்துல அவரு பொடியன். ரப்பர் தோட்டத்துல பால்மரக் காட்டுக்குள்ள ஒரு வெள்ளக்காரன் ஒளிஞ்சு கெடந்தானாம். அப்பா திருட்டுத்தனமா மரவள்ளிக்கிழங்கு கொண்டு போய் குடுத்திருக்காரு. அவன் கெளம்பும்போது சட்டையிலேருந்து இத பிச்சுக் குடுத்தானாம். இத வச்சிருந்தா வழி தப்பாதுன்னு கையாலயே ஜாடை காட்டுனானாம்.

முகுந்தன்: அதேதாண்ணே. வழி தப்பாதுன்னா என்ன அர்த்தம்...

காளிதாசன்: அப்பாவுக்கு ஒரே அர்த்தந்தான். மூடி போட்ட பித்தள, கோக்குறதுக்கு வளையம், குலுக்கினா உள்ள என்னமோ ஆடுது. தாயத்து இல்லாம வேற என்ன? கறுப்புக் கயித்துல கோத்துக் கட்டிக்கிட்டாரு.

முகுந்தன்: இப்ப குலுக்கினா ஆடுதா?

காளிதாசன்: அது... லாரி சத்தத்துல என் காது போயி ரொம்ப நாளாச்சு.

சண்முகவள்ளி: வேர்வ பட்டுப் பட்டு உள்ள ஒட்டியிருக்கும் தம்பி.

முகுந்தன்: ஒரே ஒரு தடவ திறந்து...

காளிதாசன்: தாயத்த திறக்கக்கூடாது.

சண்முகவள்ளி: திறக்கவே கூடாது. திறந்தா சக்தி போயிரும். நாளைக்கு இவரு கிரிக் மலை ரோட்டுல எண்ணெ டேங்கர் லாரி ஓட்டணும். பனிமூட்டம், யானை... வெளையாட்டா?

முகுந்தன்: நான் கேட்டு வாங்கிட்டுப் போக வரலக்கா. டப்பாவுல இருக்கிறது எல்லாம் எவனோ சட்டையிலேருந்து பிரிச்சு வித்தது. எவன் போட்டான், எங்க நடந்தான், ஒண்ணும் தெரியாது. இது நம்ம கெடா மாநிலத்துல நடந்த பொத்தான். ஊசி இன்னும் உயிரோட இருக்கான்னு பார்த்தா போதும்.

காளிதாசன்: பார்த்து?

முகுந்தன்: பார்த்துட்டு நிம்மதியா தூங்குவேன்.

சண்முகவள்ளி: நீங்க தூங்குறதுக்கு எங்க வீட்டுத் தாயத்தா கெடச்சுது?

முகுந்தன்: சரி, திறக்க வேணாம். இதோ என்னோட திசைகாட்டி. பக்கத்துல கொண்டு போனா போதும். உள்ள காந்த ஊசி இருந்தா இது ஆடும்.

சண்முகவள்ளி: அதெல்லாம் எதுக்கு...

காளிதாசன்: வள்ளி, தம்பிக்குக் குடிக்க தண்ணி கலக்கு.

சண்முகவள்ளி: இப்பவா?

காளிதாசன்: இப்பத்தான். தே, தூள் தூக்கலா, சீனி கம்மியா.

சண்முகவள்ளி: என்னமோ பண்ணுங்க. திறக்க மட்டும் கூடாது, சொல்லிட்டேன்.

முகுந்தன்: அக்கா உள்ள போயிட்டாங்க. கொஞ்சம் குனிங்கண்ணே... இல்லியே. இந்தப் பக்கம்... ம்ஹூம். அசையவே இல்ல. அப்ப வெறும் பொத்தான்தானா...

காளிதாசன்: மெதுவா பேசு.

முகுந்தன்: ஏண்ணே?

காளிதாசன்: நீ சொன்னது சரிதான். இருந்துச்சு. எங்க பொண்ணு சாந்தினி அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனா. அன்னிக்கு உள்ள இருந்தத எடுத்து ஒரு வெள்ளித் தாயத்துல போட்டு அவளுக்குக் கட்டி விட்டுட்டேன். புள்ள மொகம் தெரியாத ஊருக்குப் போறா. எனக்கென்ன, இந்த ரோட்ட கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்.

முகுந்தன்: அக்காவுக்குத் தெரியாதா?

காளிதாசன்: தெரிஞ்சா என்னைய வண்டியில ஏற விடுவாளா? இது கழுத்துல இருக்குன்னுதான் அவ ராத்திரி தூங்குறா. ஊசி ஆடுச்சுன்னு சொல்லிரு.

முகுந்தன்: பொய் சொல்லணுமாண்ணே...

காளிதாசன்: ஆடுச்சுன்னு சொல்லு தம்பி. யாரோ ஹாரன் அடிக்கிறான்... டேங்கர் வழிய மறிச்சு நிக்குது போல. நகத்திட்டு வரேன்.

சண்முகவள்ளி: தே எடுத்துக்குங்க. இவரு எங்க?

முகுந்தன்: லாரிய நகத்தப் போயிருக்காரு.

சண்முகவள்ளி: ஊசி என்ன சொல்லுச்சு?

முகுந்தன்: ஆடுச்சுக்கா. நல்லா... ஆடுச்சு.

சண்முகவள்ளி: எந்தப் பக்கம்?

முகுந்தன்: வந்து... அந்தப் பக்கமா.

சண்முகவள்ளி: உங்களுக்கும் அவர மாதிரியே பொய் சொல்ல வரல தம்பி.

முகுந்தன்: அக்கா...

சண்முகவள்ளி: சாந்தினி அங்க போய் எறங்குன மறுநாளே வீடியோ கால்ல காட்டிட்டா. இந்தக் காலத்துப் புள்ளைங்க எத திறக்காம இருக்கும்? “அம்மா, அப்பா குடுத்த தாயத்துக்குள்ள குட்டி திசைகாட்டி இருக்கும்மா”ன்னா.

முகுந்தன்: அந்த ஊசி... இன்னும் வேல செய்யுதாக்கா?

சண்முகவள்ளி: செய்யுது தம்பி. எப்படித் திருப்புனாலும் சுத்தி வந்து ஒரே பக்கமா நிக்குது, நானே பார்த்தேன். நீங்க நிம்மதியா தூங்குங்க. அவரு மலை ரோட்டுல போற ராத்திரி நான் கண்ண மட்டும் மூடிக்கிட்டுக் கெடப்பேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா புள்ளகிட்டேருந்து திருப்பி வாங்கிருவாரு. அது அவகிட்டயே இருக்கட்டும்... வராரு பாருங்க. சத்தமா சொல்லுங்க, ஊசி ஆடுச்சுன்னு.