டேரிலின் நாற்காலி

இரவு இரண்டு மணி பத்து நிமிடம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஓர் ஆள்கூட இல்லை. எங்கோ ஒரு கடையில் கடைசிச் சட்டியைக் கழுவி ஊற்றிய தண்ணீர் சாக்கடையில் ஓடுகிற சத்தம்... அதுவும் நின்றது. நானும் என் தம்பி பாக்கியநாதனும் காரை விட்டு இறங்கினோம்.

குடும்ப விஷயத்தை வெளியே பேசும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அன்னம்மாள் திருவிழாவுக்கு புக்கிட் மெர்த்தாஜாம் கோவிலுக்கு வந்த இடத்தில், மழைக்கு இந்தத் தார்ப்பாயின் கீழ் ஒண்டியபடி மூன்று பேர் கதை சொல்லிவிட்டீர்கள். எல்லாம் யாரோ சிநேகிதனுடைய மச்சானுக்கு நடந்ததாம். நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என் பேத்தி கிறிஸ்டல் முதலில் அந்த டார்ச்சை அணைக்கட்டும்.

"அணைக்கணுமா தாத்தா? பயமா இருக்குலா."

"அணை."

எங்கள் அப்பா சூசைமாணிக்கம், மாதா கோவில் பாடகர் குழுவை நாற்பது வருடம் நடத்தியவர். பெரிய வெள்ளிக்கு அவர் கட்டிய ஒரு புலம்பல் உண்டு. இறந்த மகனை மடியில் கிடத்தித் தாய் பாடுவது. அதன் மெட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. அது என் தம்பியின் தொண்டையில் மட்டும் இருந்தது.

தம்பியின் ஒரே மகன் டேரில். கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தான். முதல் வருடம் முழுக்க வயர் சுற்றினானாம். முறுக்கு விழாமல் சுற்றுவதே ஒரு படிப்பு என்று என் வீட்டு ஹோஸ் பைப்பை எடுத்துச் சுற்றிக் காட்டினான். பிறகு மைக்கை எங்கே வைப்பது, பாடுகிறவரை எவ்வளவு தள்ளி நிறுத்துவது... ஒரு விரல் அளவு நகர்ந்தாலும் குரல் மாறிவிடுமாம்.

"பாடுறவங்க பயந்தா மைக்குக்குத் தெரிஞ்சிரும் பெரியப்பா" என்பான்.

அவன் பதிவு செய்த முதல் சிடி, மதுக்கடையில் வாசிக்கும் பையன்களுடையது. உறையின் பின்பக்கம் சின்ன எழுத்தில், 'ஒலிப்பதிவு: டேரில் சூசைமாணிக்கம்.' நேராக என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தான். இந்தத் தொழிலுக்கு என் அப்பா பெயர் வேண்டாம் என்றேன். இருநூறு உறைகளையும் என் சாப்பாட்டு மேசையில் அடுக்கி, கறுப்பு மார்க்கரால் அந்தப் பெயரை அவன் கையாலேயே கோடு போட்டு அடிக்கவைத்தேன். வீடு முழுக்க மை நெடி. பாக்கியநாதன் பக்கத்தில் நின்றான். எங்கள் வீட்டில் அண்ணன் பேசிவிட்டால் தம்பி பேசுவதில்லை.

கடைசி உறையை அடித்ததும் டேரில் மார்க்கருக்கு மூடி போட்டு, அந்த உறையின் மேலேயே வைத்தான். "சரியா இருக்கா பெரியப்பா?" என்றான்.

அதன் பிறகு எந்த சிடியிலும் வெறும் டேரில்தான். தாத்தா பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்று மூன்று வருடம் தன் அப்பாவைக் கேட்டான். தம்பி என்னைப் பார்ப்பான். நான் தலையாட்டவில்லை.

போன வருடம்... விடியற்காலை, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும் வழியில், ஜெலுத்தோங் பக்கம் விபத்து. டேரிலுக்கு இருபத்தொன்பது வயது. அடக்கத்தன்று குழியோரம் நின்று, "பாடித் தரேன்பா" என்றான் தம்பி. அப்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

அதற்காகத்தான் அந்த இரவு போனோம். டேரில் வேலை பார்த்த கூடம் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. பகலில் லாரிச் சத்தம் சுவரைத் தாண்டி வரும் என்பதால் அங்கே வேலையே நடுநிசிக்குப் பிறகுதான். இரண்டு அறைகள், நடுவில் தடித்த கண்ணாடி. அந்தப் பக்கம் மைக், ஹெட்போன், என் தம்பி. இந்தப் பக்கம் பொத்தான்கள் நிறைந்த மேசை, சக்கர நாற்காலி ஒன்று. கூடத்தின் முதலாளி தயாளன் அதில் உட்காரவில்லை. நின்றே வேலை பார்த்தான்.

"அது டேரிலோடது அங்கிள். யாரும் உக்கார்றதில்ல."

அதன் இருக்கைப் பஞ்சு அழுந்தியே இருந்தது, ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. நான் பின்னால் பெஞ்சில் அமர்ந்தேன்.

"இந்தப் பொத்தான அமுக்குனா சிவப்பு லைட்டு எரியும். நாம பேசுறது அங்க அவர் ஹெட்போன்ல கேக்கும். விட்டா கட்டாயிரும். நீங்க தொட்டுறாதீங்கலா" என்றான் தயாளன். பிறகு காதைச் சாய்த்தான். "ஏதோ இரையுது... கீழ ஐஸ் பெட்டி. நிறுத்திட்டு வந்துர்றேன். பதிவு ஓடட்டும்."

மரப்படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் நின்றது.

அப்போது அந்த நெடி வந்தது. மார்க்கர் மை.

மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பொத்தான் உள்ளே அழுந்தியிருந்தது. அதன் மேல் விரல் இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி தலை நிமிர்ந்தான். அவனுக்கு என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது. அவன் குரல் மட்டும் என் பக்கத்து ஸ்பீக்கரில் வந்தது.

"இன்னும் பின்னாலயா?" அரை அடி நகர்ந்தான். "போதுமா?"

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"பயமில்லப்பா."

விளக்கு அணைந்தது. தம்பி பாடினான். ஐம்பது வருடமாக அந்தப் பாட்டை அவன் வாயால் கேட்கிறேன். அன்று கேட்ட மாதிரி ஒருநாளும் கேட்டதில்லை. நான் கையைப் பெஞ்சில் ஊன்றிக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் மீண்டும் விளக்கு. தம்பி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"அண்ணே... சூசைமாணிக்கம்னு பேரு போட்டுக்கலாமான்னு கேக்குறான்."

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் வாய் திறந்தால் போதும், அங்கே கேட்கும். 'போடு' என்று ஒரு சொல். எழுபத்து நான்கு வருடத்தில் சொன்னதை மாற்றிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நாக்கு அசையவில்லை. தம்பியும் வற்புறுத்தவில்லை. அன்று சாப்பாட்டு மேசையருகே நின்றானே, அப்படியே நின்றான்.

விளக்கு அணைந்தது. நாற்காலி மெல்லப் பின்னால் உருண்டு என் முழங்காலில் இடித்து நின்றது. அழுந்தியிருந்த பஞ்சு, உஸ்ஸென்று, மேலே எழும்பியது.

தயாளன் மூச்சு வாங்க ஏறி வந்தான். "நாற்காலிய நகத்துனீங்களா அங்கிள்?"

மறுநாள் காலை தயாளனை அழைத்து, முழுப் பெயரும் போடச் சொன்னேன். அச்சான உறையின் மாதிரியை நானே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். டேரில் சூசைமாணிக்கம். இருநூறு சிடி.

பெட்டி என் வீட்டுக்கே வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒட்டியிருந்த டேப்பை நான்தான் அறுத்தேன். திறந்ததும் அந்த நெடி.

இருநூறு உறையிலும் சூசைமாணிக்கம் என்ற பெயரின் மேல் கறுப்புக் கோடு. விரலால் தொட்டுப் பார்த்தேன்... மை ஈரமாக ஒட்டியது.

கடைசி உறையின் மேல் ஒரு மார்க்கர் இருந்தது. மூடி போட்டிருந்தது.