வெள்ளிக்கிழமைக்கான கிளை

ஒரு கணினி நிரலை வாசித்தால், அதை எழுதியவர் அன்று அவசரத்தில் இருந்தாரா, ஆறுதலாக இருந்தாரா என்று சொல்லிவிடலாம். எங்கள் ஊர் மீனவர் சங்கத்துக்கு ரதீஸ் அண்ணா எழுதிய நிரலை நான் முதன்முதலில் திறந்தபோது, பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே எழுதியது போல இருந்தது.

நான் மேனுகா. பனிச்சங்கேணியில், களப்புத் துறைக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். படிப்பு ஏறாமல் இல்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. உதடு அசையும், சத்தம் இருக்காது, பின்வரிசை வாங்கில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கணினி என்னைச் சத்தமாகச் சொல்லச் சொல்வதில்லை. அதனால் வீட்டிலிருந்தே நிரல் எழுதப் பழகினேன். மீனவர் சங்கச் செயலாளர் கேதீஸ்வரி அக்கா ஒரு நாள் சங்கத்து மடிக்கணினியோடு வந்தார்.

"ரதீஸ் கட்டாருக்குப் போயிற்றான். அவன் எழுதி வெச்சது எனக்கு ஒரு எழுத்தும் விளங்குதில்ல. நீ பாப்பியா புள்ள?"

தலையாட்டினேன்.

மாரியில் வெள்ளம் வயல்களை மூடும்போது, களப்புக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டைப் பெக்கோ இயந்திரத்தால் வெட்டித் திறப்பார்கள். திறந்ததும் களப்புத் தண்ணீர் முழுவதும் அந்த ஒரே வாயால் கடலுக்கு இழுபடும். வெட்டப்போகிறார்கள் என்று தகவல் வந்ததும் அக்கா ஒரு பொத்தானை அழுத்துவார். தண்ணீரில் நிற்கிற எல்லோருக்கும் செய்தி போகும். நிரலின் வேலை அவ்வளவுதான்.

தோணியில் போகிறவர்களிடம் போன் இருக்கும். இறால் தடவுகிற பெண்களிடம் இருக்காது. கழுத்தளவு தண்ணீரில் இருந்துகொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் போனை எங்கே வைப்பது? ஆகவே அவர்களுக்கான செய்தியை ரதீஸ் அண்ணா முனாஸ் நானாவுக்குப் போக வைத்திருந்தார். நானா ஓட்டமாவடியிலிருந்து வந்து துறையில் தேநீர்க் கடை நடத்துகிறவர். செய்தி கிடைத்ததும் கரையில் நின்று கூப்பிடுவார். அவருடைய குரல் அடுத்த கரைக்கும் கேட்கும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். அந்த நேரத்துக்கு, துறைக்குக் கிட்ட உள்ள வேறொரு போன் இலக்கத்துக்குச் செய்தி போக நிரலில் ஒரு கிளை இருந்தது.

நிரலை எளிமையாக்குவது நல்ல வேலை. அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. எழுதியவர் இல்லாத நாளிலும் இன்னொருவர் வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டும். ரதீஸ் அண்ணா 'புது', 'புதுப்புது', 'கடைசி' என்று பெயர் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் என்ன செய்கிறதோ அதையே பெயராக்கினேன். மூன்று இடத்தில் எழுதியிருந்த ஒரே வேலையை ஓரிடத்துக்குக் கொண்டுவந்தேன். 'இப்படியானால்' என்பதற்குள் இன்னொரு 'இப்படியானால்', அதற்குள் இன்னொன்று என்று கிடந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நேராக்கினேன். சிக்கிய வலையைப் பிரித்து வெயிலில் விரிப்பது போல இருந்தது. அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமைக் கிளையையும் எடுத்துவிட்டேன்.

தடவுகிறவர்களுக்கு முனாஸ் நானா. ஒரே வரி, விதிவிலக்கு இல்லை. நானாவிடம் எப்போதும் போன் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் திட்டு வெட்டுவதும் எப்போதாவதுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ரதீஸ் அண்ணா சில சோதனைகளையும் எழுதி வைத்திருந்தார். சோதனை என்பது, நிரல் தன் வேலையைச் செய்கிறதா என்று தானாகவே சரிபார்க்கும் சிறிய நிரல். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. ஓடவிட்டேன். எல்லாம் பச்சை, வெள்ளிக்கிழமைக்கான சோதனை மட்டும் சிவப்பு. அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தச் சோதனையையும் அழித்தேன். திரும்ப ஓடவிட்டபோது எல்லாமே பச்சையாக இருந்தது.

கேதீஸ்வரி அக்கா வந்து பார்த்தார். "இப்பதான் மனிசர் வாசிக்கலாம் போல இரிக்கி" என்றார். அதுவரை யாரும் எந்த வேலைக்காகவும் என்னைப் பாராட்டியதில்லை.

மாரி பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் திட்டை வெட்டினார்கள். அக்கா பொத்தானை அழுத்தினார். தோணிக்காரர்கள் செய்தியைப் பார்த்து மேற்கே ஒதுங்கினார்கள். தடவுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்லப்படும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெண்களுக்கான செய்தியும் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணினி காட்டியது. அது ஓட்டமாவடியில், பள்ளிவாசலுக்குள், முனாஸ் நானாவின் சட்டைப்பையில் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்த போனுக்குப் போயிருந்தது.

மழைத் தண்ணீர் இறங்கினால் இறால் வாய்ப் பக்கமாக ஒதுங்கும். அதனால் பெண்களும் அங்கேதான் நின்றார்கள். இழுவை தொடங்கியதும் மற்றவர்கள் வலை கட்டிய கம்புகளைப் பிடித்துக்கொண்டார்கள். அன்னப்பூரணி மாமி எல்லோரையும் விட வாய்க்குக் கிட்ட நின்றார். அவரை மறுநாள் கடற்கரையில்தான் எடுத்தார்கள். இறால் போடும் பறி இடுப்பில் கட்டியபடியே இருந்தது.

செத்த வீட்டில் முனாஸ் நானாவை வாசலிலேயே மறித்தார்கள்.

"தொழப் போகக்குள்ள போன் சத்தத்த நிப்பாட்டாம வெச்சிருந்தா என்ன நானா? ஒரு உசிர் போயிற்றே."

"வெள்ளியில எனக்கு ஒரு நாளும் வந்தில்லயே" என்றார் நானா. "அது வேற ஆருக்கோதானே போற. ரதீஸ் தம்பிதானே சொன்னது."

"செத்தவ வந்து கேக்கவா போறா? என்னவும் சொல்லுங்க."

நானா திரும்பினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். கடை அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. நான் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும்.

கேதீஸ்வரி அக்காவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "நீ எதையாவது எடுத்தனியா புள்ள?" என்று கேட்டார்.

"இல்ல அக்கா. லேசாக்கினன், அவ்வளவுதான்."

அக்கா நம்பினார். என்னைப் பற்றித் தப்பாக நினைக்க யாருக்கும் தோன்றாது. இப்போது வீட்டில் இறால் கறி காய்ச்சினால் நான் சாப்பிடுவதில்லை. அம்மா காரணம் கேட்டதில்லை.

அந்தக் கிளையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதிலிருந்த இலக்கம் என்னுடையது. பக்கத்தில் ரதீஸ் அண்ணா ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: 'வெள்ளி: மேனுகா. எப்பவும் வீட்டிலதான். ஓடிப்போய்க் கூப்பிடுவாள்.'

அதற்கு முந்திய மாரியில் ஒருமுறை அந்தச் செய்தி எனக்கு வந்தது. ஓடினேன். கரையில் நின்று வாயைத் திறந்தேன். வரவில்லை. தாவணியைக் கழற்றி வீசிக் காட்டினேன், குதித்தேன். யாரோ ஒருத்தி தற்செயலாக நிமிர்ந்து பார்த்ததால் எல்லோரும் கரையேறினார்கள். ஏறியவர்கள், பெக்கோவைக் கண்டு நானாகவே ஓடிவந்தேன் என்று நினைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னகா இது, சங்கத்துக்கு ஊமைச் சங்கா வாங்கி வெச்சிரிக்கி?" என்று கேட்டது அன்னப்பூரணி மாமிதான். பிறகு ஈரக் கையால் என் கன்னத்தைத் தடவினார். "பகிடிக்குச் சொன்னன் மகள். அடுத்த முறை சத்தமாக் கூப்பிடு. எங்கட கண் சேத்துக்குள்ளதான் இரிக்கும், காது மட்டுந்தான் வெளிய."

அதன்பிறகு கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் எனக்கு அந்தப் பெயர்தான். ஊமைச் சங்கு. அடுத்த மாரி வருமுன் நிரல் என் கைக்கு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான் முன் அறையில் இருந்தேன். பெக்கோ எங்கள் வாசலைத் தாண்டித் திட்டுப் பக்கம் போனது. நிலம் அதிர்ந்தது, மேசையில் தேநீர்க் கோப்பை கிலுகிலுத்தது. ஜன்னலால் பார்த்தால் துறை தெரியும். நானாவின் கடை பூட்டியிருந்ததும் தெரிந்தது. தண்ணீருக்கு மேல் தலைகள் கறுப்பாகத் தெரிந்தன. அதில் எது மாமியின் தலை என்று தேடினேன்.

பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் வந்திருக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

எனக்குச் செய்தி வந்திருந்தால், கட்டாயம் ஓடியிருப்பேன்.