கடைசிப் பாகத்துக்கு மேல் பதிந்த சாமத்தியவீடு

எழுதிப் பழக்கமில்லாதவன் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒஸ்லோவிலிருந்து லோறென்ஸ்கூக் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். இருவருமே நாற்பதைக் கடந்தவர்கள்.

“முகமூடி வீரன் செத்தானோ தப்பினானோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. எல்லாம் உன்னாலதான்!”

“அந்த ஜப்பான்காரனுக்கு நான் என்னடா செய்தனான்?”

“தொடரின்ர கடைசிப் பாகம் அந்த வீடியோ கசற்றிலதான் இருந்தது. அவன் மலையிலயிருந்து பாயுறான், உடன நீ சேலை கட்டிக் குடைக்குக் கீழ வாறாய்! நீ பெரியபிள்ளையான சாமத்தியவீட்டைப் பதிய வேற கசற் கிடைக்கேல்லையோ?”

“அப்பாவைக் கேள். எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு.”

“இன்ரநெற்றிலயும் தேடிப் பார்த்திட்டன், இல்லை.”

“அதுக்காக அந்தக் கசற்றுக் கூத்தைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் போனில அனுப்புவியோ? என்ர பிள்ளையளே சிரிக்குதுகள்!”

“சனம் நியாயம் சொல்லட்டும் எண்டுதான் அனுப்பினனான்.”

அக்கா எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

மறுநாள் அதே பஸ்ஸில் தம்பி மட்டும் வந்தார்; அக்காவின் கோபம் இன்னும் ஆறவில்லைப் போலும்.